சைக்கிளில் வந்த இருபது சிப்பாய்கள்: 1897ஆம் ஆண்டின் ஒரு நெடும்பயணம்

போன டிசம்பரில் நாங்கள் ஆறு பேர் விழுப்புரத்திலிருந்து கீழ்வெண்மணிக்கு சைக்கிளில் போனோம். 23ஆம் தேதி விடியற்காலை கிளம்பி 25ஆம் தேதி காலை போய்ச் சேர்ந்தோம். சொந்த சைக்கிள் மூன்று, இரவல் மூன்று. இரவல் சைக்கிள்களில் ஒன்றுக்கு அரை மணிக்கு ஒருதரம் செயின் கழன்றது. அந்தப் பயணத்தைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டார்கள். ஆனால் எங்களுக்கு எழுதத் தோன்றியது, முதல் நாள் இரவு சிதம்பரத்தில் படுக்கப் போகும் முன் நடந்த பேச்சைப் பற்றித்தான்.

தோழர் ஒருவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அப்பா தினமும் வேலைக்குப் போகும் வழியில் மகனைப் பின்சீட்டில் உட்கார வைத்துப் பள்ளியில் விடுவார். ஊர்த்தெரு முனை வந்ததும் சைக்கிளை விட்டு இறங்குவார். மகனையும் இறக்கிவிடுவார். தெரு முடியும்வரை இருவரும் நடப்பார்கள், பிறகு ஏறிக்கொள்வார்கள். அந்தத் தெரு மேடாக இருப்பதால்தான் அப்பா மிதிக்க முடியாமல் இறங்குகிறார் என்று எட்டாம் வகுப்புவரை நினைத்திருந்தாராம் தோழர். அந்தத் தெரு சமதளம்.

இது ஏதோ பழங்கதை என்று நினைக்கும் மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தம், பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று அந்த வண்டிகளின் பெயரைச் சொல்லியே எழுதி வைத்திருக்கிறது. செருப்பு அணிவது, புதுத்துணி உடுத்துவது, கல்யாண ஊர்வலம் போவது எல்லாம் அதே பிரிவில் வருகின்றன. 21ஆம் நூற்றாண்டில் ஒரு நாடாளுமன்றம் சைக்கிளைச் சட்டப் புத்தகத்தில் ஏற்ற வேண்டியிருந்தது என்றால், அதற்கான தேவை எங்கோ இருந்திருக்கிறது.

அப்பாவின் கதை முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு இன்னொரு தோழர் போனில் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். படிப்படியாக இறங்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள். அவற்றின் மேல் சீருடை அணிந்த கறுப்பினச் சிப்பாய்கள், ஆளுக்கொரு சைக்கிளோடு. 1896இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் எடுத்த படம். இவர்கள் யார், அங்கே சைக்கிளோடு என்ன செய்தார்கள் என்று அன்றிரவு தொடங்கிய தேடல்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பின்னணி. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும், 1866இல் கறுப்பினத்தவருக்கென்று தனிப் படைப்பிரிவுகளை அந்நாட்டு அரசு அமைத்தது. 1869இல் அவற்றைச் சுருக்கி இரண்டு காலாட்படைகள், இரண்டு குதிரைப்படைகள் என்று நான்காக்கினார்கள். பாப் மார்லியின் பாட்டால் நம் இளைஞர்கள் பலருக்கும் தெரிந்த ‘பஃபலோ சோல்ஜர்ஸ்’ இவர்கள்தான். சிப்பாய்கள் கறுப்பர்கள், அதிகாரிகள் கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளையர்கள். இந்த நான்கில் ஒன்றான 25ஆம் காலாட்படை 1888இல் மான்டானா மாநிலத்தின் மிசூலா கோட்டைக்கு வந்து சேர்ந்தது. மலையும் குளிருமான எல்லைப்புறம்.

அங்கே அனுப்பப்பட்ட இளம் அதிகாரி லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ். லூசியானா மாநிலத்தில் பிறந்த வெள்ளையர். வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் 1894இல் வகுப்பிலேயே கடைசி ஆளாகத் தேறியவர். நல்ல இடம் கேட்கும் யோக்கியதை கடைசி மாணவனுக்கு இல்லை. நம்மூரில் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் என்று சொல்வார்களே, வெள்ளை அதிகாரிகளின் கண்ணில் கறுப்பினப் படைப்பிரிவு அப்படித்தான் இருந்தது.

மாஸுக்கு சைக்கிள் பித்து. அந்தக் காலத்தில் அமெரிக்கா முழுக்கவே அந்தப் பித்து இருந்தது. சைக்கிளுக்கு வைக்கோல் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், எதிரி பக்கத்தில் இருக்கும்போது அது கனைக்காது. போரில் குதிரைக்குப் பதில் சைக்கிளைப் பயன்படுத்தலாமா என்று ஐரோப்பியப் படைகள் சோதித்துக்கொண்டிருந்தன. அமெரிக்கப் படைகளின் தலைமைத் தளபதி நெல்சன் மைல்ஸுக்கும் அதில் ஆர்வம். 1896 மே மாதத்தில் மாஸுக்கு அனுமதி கிடைத்தது.

அந்த மாதத்தைக் கவனியுங்கள். 1896 மே 18 அன்றுதான் அமெரிக்க உச்சநீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. லூசியானாவில் வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் உட்கார்ந்ததற்காகக் கைதான ஹோமர் பிளெஸ்ஸி போட்ட வழக்கு அது. ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்ற பொய்யை நீதிமன்றம் சட்டமாக்கியது. அடுத்த ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பள்ளி, ரயில், உணவகம் என்று எல்லாவற்றையும் பிரித்து வைக்க அந்தத் தீர்ப்பு போதுமானதாக இருந்தது. அதற்கு முன்பே, 1894இல், அமெரிக்காவின் மிகப்பெரிய சைக்கிள் சங்கமான ‘லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென்’ வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதியைத் திருத்தியிருந்தது. அந்தச் சங்கத்தின் வாரிசு அமைப்பு இந்த விதியை முறைப்படி நிராகரித்தது 1999இல். இதைப் படித்தபோது எங்களில் ஒருவர், “நம்ம ஊர் டென்னிஸ் கிளப்புக்கு இன்னும் நேரம் இருக்கு” என்றார்.

கறுப்பினத்தவரை மரத்தில் தூக்கிலிட்டு வேடிக்கை பார்க்கும் கும்பல் கொலைகள் உச்சத்தில் இருந்த ஆண்டுகளும் இவைதான். அவற்றை ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதிய ஐடா பி. வெல்ஸ் ‘சிவப்பு ஆவணம்’ என்ற தன் சிறுநூலை 1895இல் வெளியிட்டார். ரயிலில் சேர்ந்து உட்கார முடியாது, சைக்கிள் சங்கத்தில் சேர முடியாது, உயிருக்கே உத்தரவாதமில்லை என்ற நாட்டில்தான் எட்டுக் கறுப்பினச் சிப்பாய்கள் அரசாங்கச் செலவில் சைக்கிள் பழகினார்கள்.

1896 ஆகஸ்டில் அந்த எட்டுப் பேர் மாஸோடு முதலில் பக்கத்து மலைகளுக்கும், பிறகு யெல்லோஸ்டோனுக்கும் போய் வந்தார்கள். அடுத்த ஆண்டு பெரிய திட்டம்: மிசூலாவிலிருந்து மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரம்வரை, 1,900 மைல். நம் கணக்கில் சுமார் 3,050 கிலோமீட்டர், கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்குப் போவதைவிட அதிகம்.

1897 ஜூன் 14 விடியற்காலையில் கிளம்பினார்கள். இருபது சிப்பாய்கள், மாஸ், இராணுவ மருத்துவர் ஜேம்ஸ் கென்னடி, உள்ளூர்ப் பத்திரிகையின் இளம் நிருபர் எட்வர்ட் பூஸ் என்று இருபத்துமூன்று பேர். சிப்பாய்களில் மூத்தவர் சார்ஜென்ட் மிங்கோ சாண்டர்ஸ். வயது 39, ஒரு கண்ணில் பார்வை சரியில்லை. சைக்கிள் ரிப்பேருக்குப் பொறுப்பு ஜான் ஃபிண்ட்லி. படையில் சேரும் முன்பு சிகாகோவில் ஒரு சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வில்லியம் ஹேன்ஸ், ஏப்ரம் மார்ட்டின், எலியாஸ் ஜான்சன், ஃபிராங்க் ஜான்சன், வில்லியம் ப்ராக்டர், எல்வுட் ஃபோர்மன் என்ற பெயர்களும் பதிவாகியிருக்கின்றன. இவர்களில் சிலர் முந்தைய ஆண்டு யெல்லோஸ்டோன் போன எட்டுப் பேரில் இருந்தவர்கள்.

சைக்கிள்கள் ஸ்பால்டிங் கம்பெனி கொடுத்தவை. கியர் கிடையாது. கூடாரத் துணி, போர்வை, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு ஒரு சைக்கிளின் எடை சுமார் 27 கிலோ. அதுபோக ஆளுக்கொரு துப்பாக்கி, ஐம்பது தோட்டாக்கள். இரண்டு நாளைக்கான ரேஷன் கையில் இருக்கும். ஏறக்குறைய நூறு மைலுக்கு ஒரு இடத்தில் அடுத்த ரேஷனை முன்கூட்டியே ரயிலில் அனுப்பி வைத்திருந்தார்கள். ரொட்டி, பன்றிக்கறி, டப்பாவில் அடைத்த பீன்ஸ், காபி. வெண்மணிப் பயணத்தில் எங்களிடம் இருந்தது ஆளுக்கு ஒரு பை, வழியெல்லாம் டீக்கடை. அதற்கே முதல் நாள் சாயங்காலம் முட்டி மடங்கவில்லை.

சாலை என்று ஒன்று இல்லவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வண்டித்தடங்கள், அவையும் மழையில் கரைந்தவை. முதல் சில நாட்கள் மழை விடவில்லை. மான்டானாவின் களிமண் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டால் சக்கரம் சுற்றாது. இறங்கிக் கத்தியால் சுரண்ட வேண்டும், பத்தடி போனதும் மறுபடி சுரண்ட வேண்டும். நம் டெல்டாக்காரர்களுக்குக் கரிசல் சேற்றைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சேறு அதிகமான இடங்களில் ரயில் பாதைமேல் ஏறி, ஸ்லீப்பர் கட்டைகளின்மேல் தடதடவென்று குலுங்கிக்கொண்டே ஓட்டினார்கள், அல்லது தள்ளிக்கொண்டு நடந்தார்கள். ராக்கி மலைத்தொடரின் முகட்டைத் தாண்டும்போது, ஜூன் மாதத்தில், பனி கிடந்தது. ஆறுகளில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

வயோமிங், தெற்கு டகோட்டா கடந்து நெப்ராஸ்காவின் மணற்குன்றுகள் வந்தபோது நிலைமை தலைகீழானது. கொதிக்கும் வெயில், சக்கரம் புதையும் மணல். அங்கே கிடைத்த தண்ணீர் உவர் நீர், காரம் கலந்தது. குடித்தவர்களுக்கு வயிற்றைப் பிடுங்கியது. மாஸே நோய்வாய்ப்பட்டார். வெயிலுக்குப் பயந்து நிலா வெளிச்சத்தில் ஓட்டிய இரவுகளும் உண்டு.

மிசூரி பழைய அடிமை மாநிலம். அதற்குள் நுழைந்ததும் சாலை நன்றாகிவிட்டது, ஆனால் முகங்கள் எல்லா இடத்திலும் நன்றாக இல்லை. வழி நெடுகப் பார்க்கக் கூடிய கூட்டத்தில் சிரிப்பும் இருந்தது, வெறுப்பும் இருந்தது. ஜூலை 24 அன்று செயின்ட் லூயிஸ் சேர்ந்தார்கள். நகரத்து சைக்கிள் ஓட்டிகள் எதிர்கொண்டு அழைத்துப் போனார்கள். கூடாரமடித்த ஃபாரஸ்ட் பார்க்கில் அவர்களைப் பார்க்க ஆயிரக்கணக்கான மக்கள் வந்தார்கள். மொத்தம் 41 நாள். அதில் ஓட்டியது 34 நாள். ஓய்வு நாட்களை விட்டுவிட்டால் ஒரு நாளைக்குச் சராசரியாக 90 கிலோமீட்டர்.

இதில் எங்களை உறுத்திய ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். மேலே எழுதிய சேறும் மணலும் வயிற்றுவலியும் நமக்கு எப்படித் தெரியும்? மாஸ் எழுதிய அறிக்கையிலிருந்தும் பூஸ் அனுப்பிய பத்திரிகைச் செய்திகளிலிருந்தும்தான். இரண்டு பேரும் வெள்ளையர்கள். இருபது சிப்பாய்களின் வாயிலிருந்து வந்ததாக நமக்குக் கிடைப்பது அநேகமாக ஒன்றுமில்லை. கூடாரத்துக்குள் இரவில் என்ன பேசிக்கொண்டார்கள், மிசூரிக்காரனின் முறைப்பைப் பார்த்துவிட்டு ஒருவர் மற்றவரிடம் என்ன சொன்னார், ஃபிண்ட்லி எத்தனை தடவை மாஸின் சைக்கிளைச் சரிசெய்து கொடுத்தார், அப்போது மனதுக்குள் என்ன நினைத்தார்? ஏடுகளில் இல்லை. சமூகவியல் வகுப்பில் ஆவணங்களின் மௌனம் என்று ஒரு பாடம் நடத்துவார்கள். எங்களுக்கு அது புரிந்தது தோழரின் அப்பா கதையைக் கேட்டபோதுதான். ஊர்த்தெருவில் அவர் இறங்கி நடந்த இருபது வருடமும் எந்த ஏட்டிலும் இல்லை.

சரி, பயணம் வெற்றி. சிப்பாய் நடந்து போவதைவிடப் பாதி நேரத்தில், குறைந்த செலவில் போகலாம் என்று மாஸ் கணக்கோடு அறிக்கை கொடுத்தார். அடுத்து சான் பிரான்சிஸ்கோவரை ஓட்டுகிறோம் என்று அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. சிப்பாய்கள் ரயிலில் மிசூலா திரும்பினார்கள். 1898இல் ஸ்பெயினோடு போர் மூண்டதும் 25ஆம் காலாட்படை கியூபாவுக்கு அனுப்பப்பட்டது. சைக்கிள் படை அதோடு முடிந்தது. எல் கானே என்ற இடத்தில் ஜூலை 1 அன்று நடந்த சண்டையில் அந்தப் படை போரிட்டது, ஆட்களை இழந்தது. பிறகு பிலிப்பைன்ஸ்.

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

1906 ஜூலைக் கடைசியில் 25ஆம் காலாட்படையின் மூன்று கம்பெனிகள் டெக்சாஸ் மாநிலத்தின் பிரவுன்ஸ்வில் நகரத்துக்கு மாற்றப்பட்டன. மெக்சிகோ எல்லை ஓரம். கறுப்பினச் சிப்பாய்கள் வருவதை அந்த ஊர் வெள்ளையர்கள் விரும்பவில்லை. கடைகளில் விடமாட்டார்கள், நடைபாதையில் ஒதுங்கவில்லை என்று அடிப்பார்கள். நடைபாதையில் ஒதுங்குவது என்றால் என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் 13 நள்ளிரவை ஒட்டி ஊருக்குள் பத்து நிமிடம் துப்பாக்கிச் சூடு நடந்தது. மதுக்கடை ஊழியர் ஒருவர் செத்தார். போலீஸ் அதிகாரி ஒருவருக்குக் காயம், பின்னர் கை போயிற்று. சிப்பாய்கள்தான் சுட்டார்கள் என்றது ஊர். சிப்பாய்கள் எல்லோரும் முகாமில்தான் இருந்தார்கள் என்று அவர்களுடைய வெள்ளை அதிகாரிகளே முதலில் சொன்னார்கள். தெருவில் கிடந்த இராணுவத் தோட்டா உறைகளைக் காட்டியதும் அந்தப் பேச்சு மாறிப்போனது.

யார் சுட்டது என்று சொல்லுங்கள் என்று விசாரணை அதிகாரிகள் மிரட்டினார்கள். தெரியாது என்றார்கள் சிப்பாய்கள். தெரியாததைச் சொல்ல முடியாது என்பது யாருக்கும் ஏறவில்லை. எல்லோரும் கூடிப்பேசி மௌனம் காக்கிறார்கள் என்று தீர்ப்பாயிற்று. நீதிமன்றம் இல்லை, வழக்கு இல்லை, ஒருவர்மீதுகூடக் குற்றம் நிரூபணம் இல்லை. 1906 நவம்பரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 167 பேரை மரியாதையின்றிப் படையிலிருந்து நீக்கினார். ஓய்வூதியம் கிடையாது, அரசு வேலை கிடையாது, மறுபடி படையில் சேர முடியாது. கறுப்பினத்தவர் ஓட்டுப் போட்டு முடிக்கும்வரை, அதாவது நாடாளுமன்றத் தேர்தல் முடியும்வரை, அந்த உத்தரவு வெளியே விடப்படவில்லை.

அந்த 167 பேரில் ஒருவர் மிங்கோ சாண்டர்ஸ். 3,050 கிலோமீட்டரை ஒரு கண் பார்வைக் குறைவோடு ஓட்டி முடித்த அதே ஆள். 26 ஆண்டு சேவை, கியூபா, பிலிப்பைன்ஸ், நன்னடத்தைச் சான்றுகள். ஓய்வூதியம் எட்டும் தூரத்தில் இருந்தது. கியூபாவில் ரூஸ்வெல்ட்டின் படை பட்டினியில் வந்து கேட்டபோது தன் ஆட்களின் ரொட்டியைப் பகிர்ந்து கொடுத்ததை அவர் நினைவுபடுத்தினார். மறுபடி சேர்த்துக்கொள்ளக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். கறுப்பினப் பெண்கள் இயக்கத் தலைவர் மேரி சர்ச் டெரல் போர்த்துறைச் செயலர் டாஃப்ட்டை நேரில் பார்த்து சிப்பாய்களுக்காக வாதாடினார். 1907இல் சாண்டர்ஸைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். நாங்கள் தேடியபோது அவரை ஒரு மனிதராகப் பார்த்து எழுதிய எழுத்து அதுதான் என்று தோன்றியது. செனட்டர் ஃபோரேக்கர் நாடாளுமன்றத்தில் விடாமல் போராடினார். 1910இல் பதினான்கு பேரை மட்டும் மறுபடி சேர்த்தார்கள். சாண்டர்ஸ் அந்தப் பதினான்கில் இல்லை. 1929இல் இறந்துபோனார்.

மாஸ்? கர்னலாக ஓய்வு பெற்றார். அவர் எழுதிய இராணுவக் கையேடுகளைப் படித்துத்தான் ஒரு தலைமுறை அதிகாரிகள் பயிற்சி பெற்றார்கள்.

1970இல் ஜான் வீவர் என்ற எழுத்தாளர் பிரவுன்ஸ்வில் வழக்கைத் தோண்டி ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்த கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் அகஸ்டஸ் ஹாக்கின்ஸ் மசோதா கொண்டுவந்தார். 1972இல் இராணுவம் 167 பேரின் நீக்கத்தையும் ரத்துசெய்து கௌரவமான விடுவிப்பு என்று மாற்றியது. மறுபடி சேர்க்கப்படாதவர்களில் அப்போது உயிரோடிருந்தவர் டோர்சி வில்லிஸ். மினியாபொலிஸில் ஒரு முடிதிருத்தகத்தில் ஷூ பாலிஷ் போட்டே வாழ்நாளைக் கழித்தவர். அவருக்கு 25,000 டாலர் கொடுத்தார்கள். அறுபத்தாறு ஆண்டு கழித்து வந்த நியாயம்.

நம் பிள்ளைகளிடம் எத்தனை பேர் சொல்கிறார்கள், நன்றாகப் படி, திறமையைக் காட்டு, மரியாதை தானாக வரும் என்று. நல்லெண்ணத்தோடு சொல்பவர்களும் உண்டு, நாங்களே சில பயிற்சி முகாம்களில் அப்படிப் பேசியிருக்கிறோம். சாண்டர்ஸிடம் காட்டுவதற்கு இன்னும் என்ன திறமை பாக்கி இருந்தது? பனியில் ஓட்டினார், மணலில் ஓட்டினார், போரில் நின்றார். அவரைக் கைதட்டி வரவேற்ற அதே நாடு, ஒரு ஊர் கைநீட்டியதும் சாட்சிகூடக் கேட்காமல் தூக்கியெறிந்தது. திறமை இல்லாததால் யாரும் அவரை ஒதுக்கவில்லை. திறமையைக் காட்டி அதைத் தீர்த்துவிடவும் முடியவில்லை. படிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் எதற்காகப் படிக்கிறோம் என்ற கேள்விக்கு, அவர்கள் நம்மை மதிப்பதற்காக என்ற பதிலை இனிமேல் எங்கள் முகாம்களில் சொல்லப்போவதில்லை.

இந்தச் சிப்பாய்களை மாலை போட்டு வைப்பதோடு நிறுத்திக்கொள்ளவும் எங்களால் முடியவில்லை. மிசூலா கோட்டை யார் நிலத்தில் நின்றது? சலிஷ் பழங்குடியினரின் பூர்வீகப் பகுதி அது. பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் கடைசிவரை இருந்த அவர்களை 1891இல் வெளியேற்றினார்கள், அதாவது 25ஆம் காலாட்படை அங்கே வந்து மூன்று ஆண்டில். 1876இல் லகோட்டா, செய்யன் மக்கள் கஸ்டரின் படையை முறியடித்த லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தைச் சைக்கிள் படை ஜூன் கடைசி வாரத்தில் கடந்தது. 1894இல் ரயில்வேத் தொழிலாளர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தபோது மான்டானாவில் ரயில் பாதைகளைக் காக்க நிறுத்தப்பட்டதும் இதே கறுப்பினச் சிப்பாய்கள்தான். ஒடுக்கப்பட்டவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து இன்னொரு ஒடுக்கப்பட்டவன் முன்னால் நிறுத்துவது ஆள்பவர்களுக்குப் பழகிய வேலை. ஆனால் அந்தச் சீருடைதான் அவர்களுக்கு மாதச் சம்பளமும் எழுத்தறிவும், கும்பலின் கயிற்றிலிருந்து கொஞ்சம் பாதுகாப்பும் தந்தது என்பதும் உண்மை. கோரேகானை நினைத்துப் பாருங்கள். 1818இல் கம்பெனிப் படையில் நின்ற மகர் வீரர்களை நாம் கொண்டாடுகிறோம், 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கரே அங்கே போனார். அதே பிரிட்டிஷ் இராணுவம் 1890களின் தொடக்கத்தில், போர்க்குணம் உள்ள சாதிகள் என்று ஒரு தத்துவத்தைக் கண்டுபிடித்து, மகர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. சுபேதார் ராம்ஜியின் மகனுக்கு அந்தக் கதவு மூடப்பட்டது என்றால் என்னவென்று வீட்டிலேயே தெரியும். பயன்படும்வரை வைத்துக்கொண்டு பிறகு கழற்றிவிடுவது எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமான பழக்கமில்லை.

தேடிக்கொண்டே போனபோது இன்னொரு புகைப்படமும் கிடைத்தது. 1928, ஈஸ்டர் சமயம். ஐந்து கறுப்பினப் பெண்கள், நண்பர்கள்: லியோலா நெல்சன், எதில் மில்லர், கான்ஸ்டன்ஸ் வைட், மேரிலூ ஜாக்சன், வெல்வா ஜாக்சன். நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன்வரை 250 மைல், மூன்று நாளில் சைக்கிளில் போனவர்கள். எந்த இராணுவமும் அவர்களை அனுப்பவில்லை. ஏன் கிளம்பினீர்கள் என்று கேட்டதற்கு, வெளியில் திரிவது பிடிக்கும், அதனால் என்றார்களாம். முடிந்தால் எங்களைவிடக் குறைந்த நேரத்தில் ஓட்டிக் காட்டுங்கள் என்று மற்றப் பெண்களுக்குச் சவால் வேறு. அந்தக் காலத்து நெடுஞ்சாலையில் கறுப்பினத்தவர் தங்க இடம் தேடுவது எவ்வளவு பாடு என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. மிங்கோ சாண்டர்ஸ் அப்போது உயிரோடுதான் இருந்தார். அந்த ஐவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாரா என்று எங்களில் ஒருவருக்கு ஆசை. எங்களோடு வெண்மணிக்கு வந்த இரண்டு பெண் தோழர்கள் அந்தப் படத்தைத்தான் வாட்ஸ்அப் முகப்பில் வைத்திருக்கிறார்கள், சிப்பாய்கள் படத்தை இல்லை.

திரும்பி வரும்போது, விழுப்புரத்துக்குச் சற்று முன்னால் பிரிந்து, தோழரின் ஊர் வழியாக வந்தோம். இந்த முறை அந்தத் தெருவில் ஓட்டிக்கொண்டே போவது என்று பேசி வைத்திருந்தோம். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. தெருவின் நடுவில் வந்ததும் அந்த இரவல் சைக்கிளின் செயின் கழன்றுவிட்டது. ஓட்டி வந்தவர் தோழர்தான். வேறு வழியில்லாமல் இறங்கினார். நாங்கள் ஐந்து பேரும் இறங்காமல் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றோம். அவர் நடுத்தெருவிலேயே சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, அவசரப்படாமல் செயினை மாட்டினார். கை முழுக்க கிரீஸ். அதைத் துடைக்க ஒரு துணி கேட்டார், எங்கள் யாரிடமும் இல்லை. பேன்ட்டிலேயே துடைத்துக்கொண்டு ஏறி மிதித்தார்.